பழைய காருக்கு எந்த இன்ஜெக்டர்?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் சித்தப்பாவின் தோப்புச் சாளையில் 1990களின் பெட்ரோல் கார் ஒன்று நிற்கிறது. கல்யாணத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும்தான் வெளியே வரும். போன தை மாதம் ஐடிலிங்கில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, குலுங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. "பெரிய இன்ஜெக்டராப் போட்டுட்டா வண்டி பறக்கும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு வால்வுதான் இன்ஜெக்டர், சிலிண்டருக்கு ஒன்று. இரு மடங்கு பெட்ரோல் விடும் நான்கு இன்ஜெக்டர்களை வாங்கிக்கொண்டு கோவை கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, தோப்புல சொட்டுநீருக்குப் போட்ட நாலு லிட்டர் டிரிப்பரைக் கழட்டிட்டு எட்டு லிட்டர் போட்டா, மோட்டார் ஓட்டற நேரத்தைப் பாதியாக் குறைக்கோணுமில்லீங்களா? இங்க குறைக்கறது யாருங்க?"

சரியான கேள்வி. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி, சென்சார்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஆனால் பெட்ரோலை அது அளப்பதே இல்லை. இன்ஜெக்டர் வாயை எத்தனை மில்லி விநாடி திறந்து வைப்பது என்பது மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. இத்தனை மில்லி விநாடிக்கு இவ்வளவு பெட்ரோல் விழும் என்ற கணக்கைத் தொழிற்சாலையிலேயே அதில் எழுதிவிட்டார்கள். வேறு அளவு இன்ஜெக்டரைப் போட்டால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் சிறு பிழையைத் திருத்தும், இரு மடங்கை அதனால் திருத்த முடியாது.

இன்ஜெக்டருக்குள் ஒரு கம்பிச்சுருள், ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி ஊசியைத் தூக்கும், நின்றதும் ஸ்பிரிங் அதைத் தள்ளி மூடிவிடும். ஆனால் ஊசி உடனே எழாது, ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி தாமதமாகும். ஐடிலிங்கில் மொத்தத் திறப்பே இரண்டு, மூன்று மில்லி விநாடிதான். இரு மடங்கு பெரிய இன்ஜெக்டரைப் போட்டால், தாமதம் போக மிஞ்சுகிற நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஊசி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எழாது. வண்டி இன்னும் குலுங்கும், கரும்புகை வரும், மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்.

சரி, எவ்வளவு போதும்? 80 குதிரைத்திறன் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 225 கிராம் பெட்ரோல் வேண்டும். மொத்தம் 18 கிலோ. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 75 கிராம், அதாவது 100 சிசி (மில்லி). இன்ஜெக்டர் எப்போதும் திறந்தே கிடக்கக் கூடாது, 80 சதவீத நேரம் திறந்தால் போதும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 125 சிசி விடுவது வேண்டும். அசல் அளவு தெரியாதபோது இந்தக் கணக்கு பெரிய தவறிலிருந்து காப்பாற்றும்.

எந்த அழுத்தத்தில் அந்த சிசி என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்து சொல்வார்கள். 3 பாரில் 200 சிசி விடுவது 4 பாரில் 230 சிசி விடும். சாதாரண டிரிப்பரும் ஏறக்குறைய இப்படித்தான். அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால்தான் நீர் இரண்டு மடங்காகும்.

அப்புறம் மின்தடை. இதில் தப்பினால் ஈசியூவே போய்விடும். மல்டிமீட்டரை இன்ஜெக்டரின் இரண்டு பின்னிலும் வைத்தால் 12 முதல் 16 ஓம் காட்டுவது ஒரு வகை, 2 அல்லது 3 ஓம் காட்டுவது இன்னொரு வகை. 14 வோல்ட்டில் 14 ஓம் இன்ஜெக்டர் ஒரு ஆம்பியர் இழுக்கும், 2 ஓம் இன்ஜெக்டர் 7 ஆம்பியர் இழுக்கும். முதல் வகைக்கென்று செய்த ஈசியூவில் இரண்டாம் வகையை மாட்டினால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கருகிவிடும். குறைந்த ஓம் வகை போட்டு வந்த சில பழைய வண்டிகளில் மின்சாரத்தைக் குறைக்கவே தனி ரெசிஸ்டர் பெட்டி இருக்கும்.

பீய்ச்சும் வடிவமும் பொருந்த வேண்டும். சிலிண்டருக்குக் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு ஒன்றே உள்ள இன்ஜினுக்கு ஒற்றைக் கூம்பாக அடிப்பது சரி. இரண்டு இன்டேக் வால்வு இருந்தால் இரண்டாகப் பிரிந்து அடிப்பது வேண்டும். நீளம், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அளவு, கனெக்டர் ஆகியவற்றைப் பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓ-ரிங் மட்டும் வைட்டான் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். இப்போது வரும் இ20 பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் இருக்கிறது, பழைய ரப்பர் பலவும் அதில் ஊறிக் கெட்டுவிடும்.

1995-ல் டேவூ கம்பெனியின் சீலோ கார் வந்தபோது நம் ஊரில் இந்த இன்ஜெக்டர் ஏற்பாடு பலருக்கும் புதிது. அந்தக் கம்பெனி இங்கே மூடி வருஷக்கணக்காகிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு அசல் பார்ட் நம்பரைத் தேடி அலைவதைவிட இந்தக் குணங்கள் பொருந்துகிற ஒரு செட்டைத் தேடுவது நல்லது.

ஆனால் மெக்கானிக் முதலில் பழைய நான்கையும் கழற்றிச் சோதனை மேசையில் மாட்டினார். அடியில் நான்கு கண்ணாடிக் குழாய்கள். அரை நிமிடம் ஓட்டினார். 62, 61, 62 மில்லி, நான்காவதில் 44. மூன்று இன்ஜெக்டரும் பனிப்புகை மாதிரி விரிந்து அடித்தன. நான்காவது ஒரு பக்கமாகக் கோடு இழுத்தாற்போல் பீய்ச்சியது. அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் குறைய, எரியாத ஆக்ஸிஜன் புகைக்குழாய்க்கு வருகிறது. அங்கே இருப்பதோ நான்கு சிலிண்டருக்கும் பொதுவான ஒரே சென்சார். பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூ நான்கிலும் கூட்டிவிடுகிறது. நன்றாக இருந்த மூன்று சிலிண்டரிலும் பெட்ரோல் இப்படித்தான் மிஞ்சியது.

நான்காவது அடைத்ததற்கு வண்டி ஓடாமல் நின்றதுதான் காரணம். சூடான இன்ஜினை நிறுத்தியதும் ஊசி முனையில் தங்கும் பெட்ரோல் காய்ந்து பிசினாகிறது. போர்வெல் தண்ணீரில் டிரிப்பர் உப்புப் பூத்து அடைப்பதுபோல.

ஒலியதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுத்து, உள் வடிகட்டியும் ஓ-ரிங்கும் புதிதாக மாற்றியபின் நான்காவது குழாய் 60 காட்டியது. வாங்கிப்போன புது செட் பெட்டியோடு திரும்பி வந்தது.

மாட்டி முடித்ததும் அவர் ஸ்டார்ட் செய்யவில்லை. சாவியை மட்டும் போட்டு பெட்ரோல் பம்பை ஓடவிட்டார். இரண்டு விநாடி கிர்ரென்று சத்தம். அணைத்தார், மறுபடி போட்டார். பிறகு ஒவ்வொரு ஓ-ரிங்கையும் விரலால் தடவி மோந்து பார்த்தார். நான்கும் காய்ந்திருந்தன. "இப்ப அடிங்க" என்று சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.