சரிவில் நுண்துளைக் கான்கிரீட்: கவனம் தேவைப்படுவது அடியில்தான்

சிங்கப்பூரில் தரைவீடுகளின் வாசல் சரிவுக்கும் கொண்டோமினிய (தனியார் அடுக்குமாடி வளாக) நடைபாதைக்கும் நுண்துளைக் கான்கிரீட் போடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். மணலை ஏறக்குறைய முழுவதும் தவிர்த்து, ஒரே அளவு ஜல்லியைச் சிமெண்ட் பசையால் பிணைத்துச் செய்வதால், அதன் கன அளவில் 15 முதல் 25 விழுக்காடு வரை ஒன்றோடொன்று இணைந்த துளைகளாக இருக்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் கண்ணெதிரே உள்ளே இறங்கிவிடும். அதைக் கண்டு பலரும் நிறைவடைந்துவிடுகிறார்கள். இறங்கிய நீர் எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு.

அது கான்கிரீட்டுக்கு அடியில் உள்ள ஜல்லிப் படுகையில்தான் தேங்குகிறது. சமதளத்தில் 300 மில்லிமீட்டர் தடிமனுள்ள படுகை, அதன் இடைவெளி 40 விழுக்காடு என்று கொண்டால், 120 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும். அதே படுகையை 20 மீட்டர் நீளமும் 20க்கு 1 சரிவும் உள்ள பாதையில் போட்டால், நீர் ஜல்லிக்குள்ளேயே கீழ்நோக்கி ஓடி, அடிமுனையில் 6 மீட்டருக்கு மட்டும் ஆப்பு வடிவில் தேங்கும். கணக்கிட்டால், சமதளத்தில் கொள்வதில் அது 15 விழுக்காடுதான். மிச்ச நீர் கீழ்முனையில் துளைகள் வழியாகவே மேலே பொங்கி வழியும். படுகைக்குள் 3 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குத் தடுப்புகள் கட்டினால், மலைச்சரிவின் படிவயல்களைப் போல ஒவ்வொரு பகுதியிலும் நீர் தங்கி, கொள்ளளவு முக்கால் பங்காக உயரும். இந்தத் தடுப்புகள் இல்லாத வரைபடத்தை நான் ஏற்பதில்லை.

அடுத்தது மண். புக்கித் தீமா வட்டாரக் கருங்கல் சிதைந்து உண்டான களிமண் தன்மையுள்ள மண்ணில் நீர் மெதுவாகவே ஊறும். சரிவில் அது நனைந்து ஊறினால் மண் சரியும் அபாயமும் உண்டு. எனவே தாங்குசுவருக்கு அருகே நீர்புகா விரிப்பு போட்டு, துளையிட்ட குழாய்வழி நீரை அளவோடு வடிகாலுக்கு விடுவதே பாதுகாப்பு. 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள புதிய கட்டுமானங்களுக்குப் தேசிய நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் 2014 ஜனவரி முதல் விதித்துள்ள கட்டுப்பாடும், வடிகாலுக்குச் செல்லும் நீரின் உச்ச வேகத்தைக் குறைப்பதைப் பற்றியதே.

கனரக லாரிகள் செல்லும் பாதைக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். சாதாரணக் கான்கிரீட்டின் பலம் இதற்கு இல்லை.

பராமரிப்பில் பெரிய எதிரி, மேட்டிலிருந்து அடித்துவரப்படும் மண்ணும் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகளும்தான். அவற்றை உறிஞ்சும் இயந்திரத்தால் முறையாக எடுக்க வேண்டும். மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போய் அடைத்துக்கொள்ளும். மேட்டுப் பக்கத்தில் புல்தரை பதிக்கும் வேலை இருந்தால், அதை முடித்த பிறகே கான்கிரீட்டைப் போடச் சொல்லுங்கள்.