ஒரு நுரையீரல் மட்டும் மூச்சு விடும்போது

"டாக்டரம்மா, ஒரு பக்கத்து நுரையீரலை நிறுத்திருவீங்களாமே? அப்ப இவரு எப்படி மூச்சு விடுவாரு?"

தாராவியிலிருந்து கணவரைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அக்கா, ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டது இது. டிபி வந்து போன பிறகு, அவருடைய வலது நுரையீரல் மேல் தடித்த உறை படிந்து அது விரியவே முடியாமல் போயிருந்தது. அதை உரித்தெடுக்கத்தான் ஆபரேஷன். மும்பையில் மயக்க மருத்துவராக இருக்கும் நான் இந்த மாதிரி நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறேன். அந்த அக்கா கேட்டதுதான் எங்களுக்கும் முதல் கேள்வி.

நுரையீரல் பொங்கிப் பொங்கி அடங்கினால் சர்ஜனால் வேலை செய்ய முடியாது. அதனால் உள்ளே இரண்டு தனி வழிகள் உள்ள குழாயை மூச்சுக்குழாயில் இறக்குகிறோம். ஒரு வழியில் காற்றை நிறுத்தினால் அந்தப் பக்கம் சுருங்கிவிடும். மற்றதுதான் உடம்பு முழுவதற்கும் மூச்சு விட வேண்டும். சுருங்கிய பக்கத்திலும் ரத்தம் ஓடுகிறது, ஆக்சிஜன் எடுக்காமலே திரும்புகிறது. அங்கே ரத்தக் குழாய்கள் தாமாகச் சுருங்கி, ரத்தத்தை நல்ல பக்கம் தள்ளிவிடுவது உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு.

அந்த நல்ல பக்கத்துக்கும் சிரமம்தான். நோயாளி ஒருக்களித்துப் படுத்திருப்பதால் அது அடியில் கிடக்கிறது. இதயமும் வயிறும் அதை அழுத்துகின்றன. முன்பு ஒவ்வொரு மூச்சுக்கும், எடையில் கிலோவுக்கு 10 மி.லி. என்று காற்றை அள்ளிக் கொடுத்தார்கள். அது நுரையீரலைப் புண்ணாக்கும் என்று தெரிந்த பிறகு, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி. போதும் என்கிறோம். மூச்சு வெளியேறிய பிறகும் காற்றறைகள் மூடிக்கொள்ளாதபடி கொஞ்சம் அழுத்தம் வைக்கிறோம்.

அந்த அக்காவின் கணவரை ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 99 சதவீதத்திலிருந்து 88-க்கு இறங்கியது. முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன். திருப்பும்போது குழாய் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்திருந்தது. சரி செய்ததும் ஏறிவிட்டது. மல்லாந்திருக்கும்போது சரியாக இருந்ததை நம்பி உட்காரக் கூடாது. திருப்பியதும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். என் ஜூனியர்களுக்கு நான் விடாமல் சொல்வது இது.

இனி உங்கள் பங்கு. மனைவி பக்கத்தில் இருந்தபோது "பீடியா, எப்பவோ விட்டாச்சு" என்றவர், தனியே கேட்டதும் போன வாரம் வரை பிடித்ததாகச் சொன்னார். தயவுசெய்து எங்களிடம் மறைக்காதீர்கள். ஆபரேஷனுக்கு நான்கு வாரமாவது முன்பே விட்டால் மிகவும் நல்லது. அப்புறம், மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் அந்த மூன்று பந்துக் கருவி. பலரும் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கவும் வேண்டாம். வலித்தால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டீர்கள், சளி தேங்கும். நர்ஸிடம் கேளுங்கள், மருந்து இருக்கிறது.

மூன்றாம் நாள் நான் வார்டுக்குப் போனபோது, அக்கா கட்டிலருகே குனிந்து பந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு ஏறிருச்சு டாக்டரம்மா" என்றார்.