கால் வைக்காமலே மிதிபடும் பிரேக்

வீட்டில் ரேஸிங் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடத்தில் ஓ ரூஜ் வளைவு. கார் கெர்பில், அதாவது தடத்தின் ஓர மேட்டில், ஏறி இறங்குகிறது, ஸ்டீயரிங் கையில் உதறுகிறது, அடுத்த நொடி கனமே இல்லாமல் போய்விடுகிறது. யுஎஸ்பி கழன்றதற்கான விண்டோஸ் ஒலி கேட்கிறது. குனிந்து பார்த்தால் கேபிள் செருகியபடியேதான் இருக்கிறது.

என் ரிக்கில் (இருக்கை, ஸ்டீயரிங், பெடல் எல்லாம் மாட்டிய சட்டம்) தொல்லை வேறு மாதிரி வந்தது. டைரக்ட் டிரைவ் வீல்பேஸ், அதாவது ஸ்டீயரிங்கை மோட்டாரே நேரடியாகத் திருப்பும் பெட்டி, மாட்டிய அன்றே, பெடலில் கால் வைக்காமல் திரையில் பிரேக் கோடு 3 சதவீதம் வரை துள்ளிக்கொண்டிருந்தது. பெடலைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், மாற்றமில்லை. வீல்பேஸின் பவரை அணைத்தேன். கோடு படுத்துவிட்டது. மறுபடி போட்டதும் துள்ளியது. பெடலில் குறையே இல்லை, மோட்டாரின் மின் இரைச்சல்தான், அதாவது வேண்டாத மின் துடிப்புகள்தான், அதற்குள் புகுந்திருந்தது.

வீல்பேஸுக்குள் இருப்பது ஒரு சர்வோ மோட்டார். அதன் டிரைவர் சர்க்யூட், டிரான்சிஸ்டர்களை நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆன் ஆஃப் செய்து, ஆனில் இருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் நம் கைக்கு வரும் விசையைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல லட்சம் மடங்கு வேகமாகத் தாவுகிறது. மோட்டாரின் செம்புச் சுருளுக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவே மெல்லிய காப்புதான் உண்டு. இரண்டு உலோகம், நடுவில் ஒரு காப்பு என்றால் அது கெப்பாசிட்டர். வோல்டேஜ் தாவும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி மின்னோட்டம் அந்தக் காப்பைத் தாண்டி வெளி உலோகத்துக்கு வந்துவிடும்.

முக்கியமான இடம் இதுதான். வெளியே வந்த மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அதில் விதிவிலக்கு கிடையாது. பவர் சப்ளைக்குத் திரும்ப நல்ல எர்த் வயர் இருந்தால் அதில் போகும். இல்லாவிட்டால் யுஎஸ்பி கேபிளுக்குள் இருக்கும் உலோக உறை வழியாகக் கணினிக்குப் போய், அங்கிருந்து சுற்றி வரும். போகிற வழியில் டேட்டா வயர்களைக் கலக்கும். பிழை தொடர்ந்தால் கணினி அந்தச் சாதனத்தைக் கைவிட்டுவிடும். கெர்பில் ஏறும்போது மோட்டார் மின்னோட்டம் திடீர் திடீரென மாறுவதால், பல ரிக்குகளில் வீல் அங்கேதான் துண்டிக்கப்படுகிறது.

பிரேக் பெடல் இன்னும் நொய்மையானது. அதில் மிதிக்கும் விசையை அளக்கும் லோட் செல் என்ற சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பலத்தோடு மிதிக்கும்போதும் வழக்கமாகச் சுமார் 10 மில்லிவோல்ட்தான் வெளியே வரும். அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்கித்தான் கணினிக்கு அனுப்புகிறார்கள். என் திரையில் துள்ளிய 3 சதவீதம் என்பது வெறும் 0.3 மில்லிவோல்ட். மோட்டார் கேபிளோடு பெடல் கேபிளையும் சேர்த்து ஒரே டை போட்டு இறுக்கியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, 0.3 மில்லிவோல்ட் புக அது போதும்.

அடுத்து எர்த். வீல்பேஸ், கணினி இரண்டின் பவர் சப்ளையிலும் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் சாதனத்தின் உலோக உடலுக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவை வேலை பார்க்கும். எர்த் இல்லாவிட்டால் உலோக உடல் இரண்டுக்கும் நடுவில், அதாவது 230 வோல்ட்டில் பாதியான 115 வோல்ட் அருகே மிதக்கும். வெறுங்காலோடு தரையில் நின்று ரிக்கைத் தொட்டால் சுறுசுறுவென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் பாயின்ட்டில் செருக அடாப்டர் போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் போகும் என்று சொல்பவர்கள் உண்டு. சில நேரம் போகும்தான், ஆனால் உள்ளே ஒரு வயர் கழன்று உடலில் பட்டால் முழு 230 வோல்ட்டும் உங்கள் கைக்கு வரும். பாயின்ட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிடுவதும் அதே அளவு ஆபத்து. எர்த் குழி, வயரிங் வேலையெல்லாம் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கணினி ஒரு அறைப் பாயின்ட்டிலும் வீல்பேஸ் வேறொரு பாயின்ட்டிலும் இருந்தால் இன்னொரு சிக்கல். இரண்டு எர்த்துக்கும் யுஎஸ்பிக்கும் சேர்ந்து ஒரு பெரிய வளையம் உருவாகிறது. சுற்றியுள்ள காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் செருகினால் வளையம் சுருங்கிவிடும். ஐந்து நிமிட வேலை, செலவே இல்லை.

பலரும் கவனிக்காதது ரிக்கின் சட்டம். அலுமினிய சட்டம், எல்லாம் போல்ட் போட்டு முடுக்கியது, ஆகவே முழுக்க ஒரே உலோகம் என்று நானும் நம்பினேன். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரே சட்டத்தின் இரு முனைகளையும் தொட்டேன். சத்தமில்லை. அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேல் இருப்பது ஆக்சைடு படலம், அது மின்காப்பு. உப்புத்தாளால் நகக்கண் அளவுக்கு இரு இடத்தில் தேய்த்ததும் பீப் வந்தது. தேய்த்த இடங்களில் பல் வாஷர் வைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் வயரால் இணைத்து, வீல்பேஸின் உடலோடு சேர்த்தேன்.

கேபிளைச் சுற்றி மாட்டும் காந்தப் பொருள் வளையமான ஃபெரைட் கட்டியை எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். நான் கடைசியில் வைப்பேன். அது உயர் அதிர்வெண் இரைச்சலை மட்டும் தடுக்கும், எர்த் இல்லாத குறையைத் தீர்க்காது. போட்டால் கேபிளை அதன் வழியே மூன்று சுற்று விடுங்கள். ஒரு சுற்றைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு பலன். பெட்டியின் முன்பக்க யுஎஸ்பியை விட்டு, மதர்போர்டில் நேரடியாக உள்ள பின்பக்கப் போர்ட்டில் செருகுவதும் உதவும்.

எது எவ்வளவு உதவியது என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என் ரிக்கில் பெடல் கேபிளைப் பிரித்து மறுபக்கச் சட்டத்தில் கட்டியதும் கோடு 3 சதவீதத்திலிருந்து 1-க்கு இறங்கியது. சட்டத்தை இணைத்த பிறகு, மோட்டார் முழு வேகத்தில் உதறும்போதும், பூஜ்யத்தில் அசையாமல் நிற்கிறது.