எம்.பி. ஓய்வூதியத்துக்கு ஒரு விதி, முதியோர் உதவித்தொகைக்கு ஒரு விதி

எத்தனை வருடம் பதவியில் இருந்தால் எம்.பி. ஓய்வூதியம் கிடைக்கும் என்று கேட்டால், பலரும் ஐந்து வருடம் என்கிறார்கள். உண்மையில் குறைந்தபட்சக் காலம் என்று எதுவும் இல்லை. எத்தனை முறை பதவியில் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓய்வூதியத்தில் மாதம் 2,500 ரூபாய் கூடும். 2018இல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி, விலைவாசிக் குறியீட்டின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகை தானாக உயர வழிசெய்துகொண்டது. அப்படித்தான் 2025 மார்ச்சில் ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கு.

முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007லும் அதே 200தான். தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பங்கைச் சேர்த்ததால்தான் 2023இல் அது 1,200 ஆனது. இந்தப் பணத்துக்கு எந்தக் குறியீடும் கிடையாது.

சரி, அந்த 1,200ஐயாவது வாங்குவோம் என்று போகிறவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று சொல்கிறேன்.

முதலில் வயது. ஆதாரில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த வருடத்தால் எழுபது வயதுப் பாட்டிக்கு 56 ஆகியிருக்கும். இ-சேவை மையத்துக்குப் போகும் முன்பே ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். மனு தள்ளுபடியான பிறகு திருத்தினால் எல்லாம் முதலிலிருந்துதான்.

அடுத்தது, "மகன்தான் இருக்கிறானே" என்ற பதில். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். மகன் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கும், ஆனால் அவன் சோறு போட மாட்டான். நிஜமாகவே தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவர் என்றால் அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரை வீட்டுக்கு நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று அவர் சொல்லும் "கிடைக்காதும்மா" என்பது உத்தரவு அல்ல. மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இ-சேவையில் தரும் ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அந்த எண் இல்லாமல் வட்டாட்சியர் அலுவலகம் போனால், வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள் என்பார்கள். அவர் ஆர்.ஐ.யை, அதாவது வருவாய் ஆய்வாளரை, கை காட்டுவார். எண் இருந்தால் மனு யார் மேசையில் கிடக்கிறது என்று கேட்கலாம். பதில் வரவில்லையா, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது பாதியில் நின்றுபோகும் பணம்தான். சரிபார்க்க வந்த அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பாட்டியை 'ஊரில் இல்லை' என்று எழுதிவிட்டார்கள். அவர் உயிரோடு, அதே ஊரில், அதே வீட்டில் இருக்கிறார் என்று நிரூபிக்க நாங்கள் ஏழு முறை அலைந்தோம். ஒரு மாதம் பணம் வராவிட்டால் அடுத்த மாதம் சேர்ந்து வரும் என்று காத்திருக்காதீர்கள். உடனே பாஸ்புக்கில் வரவு போட்டுப் பாருங்கள். வரவு இல்லையென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, பதிவு எண் வாங்குங்கள்.

அப்புறம், வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிப் பணம் கொடுப்பவர் ஐம்பதோ நூறோ பிடித்துக்கொள்ளப் பார்த்தால் விடாதீர்கள். அது பாட்டியின் பணம்.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். அவருடைய ஓய்வூதியத்துக்கு இருக்கும் அதே விலைவாசிக் குறியீட்டை அந்த 200 ரூபாய்க்கும் பொருத்த வேண்டும் என்று கேளுங்கள். அதற்கான சட்ட வாசகத்தைத் தங்களுக்காக அவர்கள் 2018லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.