கூழில் எதற்கு உப்பு?

காட்பாடிப் பக்கம் கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் போன கத்திரி வெயிலில் கேட்ட கேள்வி இது. "காலைலேருந்து மூணு பாட்டில் பச்சத் தண்ணி குடிச்சேன் சார். கிறுகிறுப்பு நிக்கவே இல்ல. அப்புறம் ரோட்டோர வண்டில ஒரு சொம்பு கேவுரு கூழு, உப்பும் மோரும் போட்டுக் குடிச்சேன். அரை மணி நேரத்துல கண்ணு தெளிஞ்சிடுச்சு. கூழுலயும் தண்ணிதான சார் இருக்குது?"

தண்ணீர்தான் இருக்கிறது. ஆனால் அது வயிற்றுக்குள் தனியாகப் போகவில்லை.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரி நமக்கே திருப்பிக் கொடுக்கும். மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவதெல்லாம் இங்கே செய்தியே இல்லை. காற்று உடம்பைவிடச் சூடாக இருந்தால், உடம்பு குளிர்வதற்கு வியர்வையை விட்டால் வேறு வழி கிடையாது. வெயிலில் கல் சுமந்தால் மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்த்துப் போகும், கூடவே உப்பும். அந்த இழப்பைப் பச்சைத் தண்ணீரால் மட்டும் நிரப்பினால் ரத்தத்தில், உப்பின் ஒரு பாகமான சோடியம் நீர்த்துப்போகும். உடனே சிறுநீரகம், 'தண்ணீர் கூடிவிட்டது' என்று கணக்குப் போட்டு வெளியே தள்ளும். மேஸ்திரி குடித்த மூன்று பாட்டிலில் ஒரு பங்கு கட்டடத்தின் பின்சுவரோரம் போயிருக்கும். காலையில் டீயும் பன்னும் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை என்பதையும் விசாரித்தபோதுதான் சொன்னார்.

இப்போது குடலுக்கு வருவோம். எனக்கு இதைச் சொல்லச் சலிக்கவே சலிக்காது.

நாம் குடிப்பது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது லிட்டர் திரவம் குடலுக்குள் இறங்குகிறது. மலத்தோடு வெளியேறுவது ஒரு டம்ளர்கூட இல்லை. மீதி அத்தனையையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆனால் தண்ணீரைப் பிடித்து இழுக்கும் பம்பு எதுவும் குடலில் இல்லை. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் போகின்றனவோ, அந்தப் பக்கம் தண்ணீரும் பின்னாலேயே போகும். ஆகவே உப்பை உள்ளே அழைத்துவருவதுதான் வித்தை.

குடல் சுவரின் ஒவ்வொரு செல்லுக்கும் ரத்தத்தின் பக்கம் ஒரு பம்பு இருக்கிறது. அது ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே இறைத்து, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். பாலாற்றங்கரைக் கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்தால் சுற்றியிருக்கும் ஊற்றெல்லாம் அந்தக் கிணற்றை நோக்கி ஓடிவருமே, அதேபோல செல்லுக்குள் சோடியம் குறையக் குறைய, குடலுக்குள் கிடக்கும் சோடியம் உள்ளே வரத் துடிக்கும். வழியில் நிற்கும் வாசல்களில் ஒன்றுக்கு எஸ்.ஜி.எல்.டி.1 என்று பெயர். அது ஒரு புரதம். அந்த வாசலில் இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தால்தான் அது உள்பக்கமாகத் திரும்பும். சோடியம் மட்டும் வந்து நின்றால் காத்திருக்க வேண்டியதுதான். குளுக்கோஸ் மட்டும் வந்தாலும் அதே கதி. ஜோடியாக வந்தால் விறுவிறுவென்று உள்ளே போகும், தண்ணீரும் பின்தொடரும். உப்பில்லாத சர்க்கரைத் தண்ணீரும், சர்க்கரை இல்லாத உப்புத் தண்ணீரும் அரைகுறையாக நின்றுவிடுவது இதனால்தான்.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே பயணிக்கின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960ல் பிராகா நகரில் முன்வைத்தார். காலரா நச்சு குடலில் வேறொரு மடையைத் திறந்துவிட்டு உப்பையும் நீரையும் கொட்டவைக்கும். ஆனாலும் இந்த இரட்டையர் வாசலை அதனால் கெடுக்க முடியவில்லை. வீடே வெள்ளத்தில் மிதக்கும்போது இந்த ஒரு கதவு மட்டும் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது! 1971ல் வங்கதேச அகதிகள் நிறைந்த மேற்கு வங்கத்துப் போங்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து டிரம்மில் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது 2023ல். அவர் இறந்ததோ 2022ல். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அந்தக் கலவையின் வழியில் வந்த, இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்தால் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல் (துகள்களை எண்ணும் அலகு), குளுக்கோஸ் 75 மில்லிமோல், சரிக்குச் சரி இருக்கும். கடையில் விற்கும் குளிர்பானத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இருக்கும், உப்போ பேருக்குத்தான். மிஞ்சிய சர்க்கரை உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். அப்படிப்பட்ட பானங்களின் பெட்டி மேல் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் கறாராகச் சொன்னது.

கூழின் சாமர்த்தியம் இங்கேதான். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீள மாலை. தண்ணீரை இழுக்கும் விசை மணிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, மாலைகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. ஆயிரம் மணி கோத்த மாலையும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். செரிமான நொதிகள் குடல் சுவரருகே மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்க அவிழ்க்க, வாசலில் நிற்கும் உப்புக்குத் துணை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து, நொய்யோடு களியாகக் கிண்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில்தானே மோர் ஊற்றிக் கரைக்கிறோம். வெந்து ஆறிய மாவில் ஒரு பங்கு செரிக்கமுடியாதபடி இறுகிப்போய், பெருங்குடல் வரை போய்ச் சேரும். அங்குள்ள பாக்டீரியா அதைத் தின்று சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அவை பெருங்குடலையும் உப்பும் நீரும் உறிஞ்சவைக்கும். இதைக் காலரா நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தவர்கள் நம் ஊர் சி.எம்.சி. மருத்துவர்கள். செரிக்காத மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்ஸில் சேர்த்தபோது பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளியானது. அவர்கள் சேர்த்தது மக்காச்சோள மாவு, கூழ் அல்ல. அந்தப் புகழை அப்படியே கூழின் தலையில் ஏற்றிவிடுவது நியாயமில்லை.

"பாட்டிக்கு அப்பவே தெரியும்" என்பவர்களிடம் எனக்கொரு வழக்கு உண்டு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அதே பாட்டிமார்களில் பலர்தான், பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாக்கு வறள வைத்தார்கள், வயிற்றில் சிக்கியதாகச் சொல்லும் தொக்கத்தை எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்று சரி, மற்றொன்று உயிருக்கு உலை. எது எதுவென்று சோதனைதான் பிரித்துச் சொல்லும், அதற்குக் காசு வேண்டும். யாருக்கும் லாபம் தராத கூழை யார் காசு போட்டுச் சோதிப்பார்கள்? அரசுதான் செய்ய வேண்டும்.

மேஸ்திரிக்குத் தெளிந்ததில் பாதிப் புகழ், அவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த புங்கமரத்து நிழலுக்குச் சேரவேண்டும். கோட்டை மைதானத்தில் காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவர்களுக்குப் பச்சைத் தண்ணீரே போதும். மூன்று வேளைச் சாப்பாட்டில் உப்பு தாராளமாகவே வந்துவிடுகிறது. ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கூழில் உப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும். வெயிலில் ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் பேதியென்றால் பொட்டலப் பொடிதான் நல்லது. அது கைக்கு வரும்வரை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலக்கியதும் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.