சத்துப்படி

'ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட இரும்புச்சத்து 32 மில்லிகிராம்.' செப்டம்பரில் ஊட்டச்சத்து வாரம் வந்தால் போதும், சேலத்தில் ஏதாவதொரு கல்லூரி வாசலில் இப்படியொரு வரி தொங்கும். எண் சரிதான். 16 முதல் 18 வயதுப் பெண்களுக்கென்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்னது அது. கோளாறு 'அனுமதி'யில்.

ஆங்கில மூலம் 'ரெக்கமண்டட் டயட்டரி அலவன்ஸ்', சுருக்கமாக ஆர்.டி.ஏ. ஒரு நாளைக்குச் சாப்பாட்டில் கிடைக்கவேண்டிய சத்தின் அளவு என்று பொருள். அலவன்ஸின் வேர்ச்சொல்லில் இரண்டு லத்தீன் சொற்கள் பிரெஞ்சு வழியாக வந்து கலந்துவிட்டன. ஒன்றுக்குப் புகழ்தல் என்று பொருள், இன்னொன்றுக்கு ஒதுக்கித் தருதல். நமக்கு வேண்டியது இரண்டாவது. 1941இல் அமெரிக்காவில் இந்த அளவுகளை வகுத்தவர்கள், 'ஸ்டாண்டர்டு' என்றால் மாற்றவே முடியாத முடிவு போலத் தொனிக்கும் என்றுதான் அலவன்ஸைத் தேர்ந்தார்கள். சரி, அது அவர்கள் கதை.

நம் ஊரில் 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்றால் என்ன? குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை அனுமதி என்கிறோம். சேலம், தருமபுரிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காய்கறியில் பூச்சிமருந்து எச்சத்துக்கும் இதே பேச்சுதான். ஆகவே அனுமதி என்றால் தாண்டக்கூடாத கோடு. பதாகையைப் படிக்கிற பெண், 32க்கு மேல் போனால் ஆபத்து என்றுதானே நினைப்பாள்? இரும்புக்கு உச்ச வரம்பு தனியாக இருக்கிறது, 45 மில்லிகிராம். எட்டவேண்டிய அளவுக்கும் தாண்டக்கூடாத அளவுக்கும் ஒரே பெயர் வைத்தால் எதற்கு மொழிபெயர்ப்பு?

இன்னொரு கூட்டம் 'குறைந்தபட்சத் தேவை' என்று எழுதுகிறது. இது எதிர்ப்பக்கத்துப் பிழை. அந்த வயதுப் பெண்களின் சராசரித் தேவை 18 மில்லிகிராம்தான். ஆளுக்கு ஆள் தேவை மாறும் என்பதால், நூற்றுக்கு 97 பேருக்கு மேல் போதும்படி அதை உயர்த்தி 32 என்று வைத்திருக்கிறார்கள். 25 சாப்பிடுகிறவளுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். கல்லூரி மாணவிகள் சாப்பிடுவதைக் கணக்கெடுத்து, 32ஐத் தொடாத எல்லாருக்கும் சத்துக்குறைபாடு என்று செய்தி போடுவது இந்தக் குழப்பத்தால் வந்த வினை. ஒரு கூட்டத்தில் எத்தனை பேருக்குப் போதவில்லை என்று பார்க்க, சராசரித் தேவையோடுதான் ஒப்பிடவேண்டும்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலையவேண்டியதே இல்லை. பஞ்சப்படி, பயணப்படி என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்தப் படிதான். பயணப்படி உங்கள் ஒருவருடைய செலவைப் பார்த்து வைத்ததல்ல. பெரும்பாலோருக்குக் கட்டும்படி வைத்தது. சிலருக்கு மிஞ்சும். கூடச் செலவழித்தால் குற்றமும் இல்லை. ஆர்.டி.ஏ.வும் அப்படித்தான். எட்டு ஆழாக்கு கொண்ட அளவையும் படிதான். 'படியளக்கிறவர்' என்ற வழக்கில் உணவும் ஒதுக்கீடும் ஒன்றாகவே இருக்கின்றன. எனவே 'சத்துப்படி' என்பேன். மாடிப்படி, நகல், படிப்பு என்று வேறு பொருள்கள் உண்டே என்பார்கள். பஞ்சப்படி என்றதும் யாராவது ஏறக் கால் தூக்கினார்களா?

'பரிந்துரைக்கப்பட்ட' என்ற ஆறடி வாலும் வேண்டாம். பரிந்துரை என்பது ஒருவருக்காகப் பரிந்து பேசுவது. வேலைக்குக் கடிதம் கொடுக்கிறவர் செய்வது. இரும்புக்கு யார் சிபாரிசு?

சொல் நேரானால் கணக்கும் நேராகப் பேசலாம். அதே வயதுப் பெண்ணுக்குக் கால்சியம் சத்துப்படி 1050 மில்லிகிராம். நூறு கிராம் ராகி மாவில் சுமார் 350 இருக்கிறது, ஆக மூன்றில் ஒரு பங்கு ராகிக் களியிலேயே வந்துவிடும். நம் ஊர்ப் பெருமையான ஜவ்வரிசியில் மாவுச்சத்தைத் தவிர அநேகமாக ஒன்றுமில்லை. சாயங்காலம் தட்டுவடை செட்டோடு பசியாற்றிக்கொள்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம். அதை விட்டு 'நுண்ணூட்டச்சத்து உட்கொள்ளல் போதாமை' என்று துண்டறிக்கை அடிக்கிறார்கள். உட்கொள்வது மாத்திரையை. களியைச் சாப்பிடுகிறோம்.