குழாய் தின்னும் உயரம்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வாஸ்து பார்த்தவர் சொன்னதால் தண்ணீர்த் தொட்டியைத் தென்மேற்கு மூலைக்கு மாற்றினோம். உயரம் பழையபடியே இருக்கிறது. ஷவரில் மட்டும் தண்ணீர் நூலாக வழிகிறது. ஏன்?"

6 மீற்றராக இருந்த குழாய் இப்போது 20 மீற்றராம். காரணம் அதுதான்.

ஷவரைவிடத் தொட்டி நீர்மட்டம் எத்தனை மீற்றர் மேலே நிற்கிறதோ, அதுதான் தண்ணீரைத் தள்ள நமக்குள்ள கையிருப்பு. அதில் உராய்வு எவ்வளவு தின்னும் என்பதை டார்சி-வைஸ்பாக் சமன்பாடு சொல்கிறது: உராய்வுக் குணகம், நீளம், வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, விட்டத்தாலும் ஈர்ப்பு ஆர்முடுகலின் இருமடங்காலும் வகுத்தால், இழப்பு மீற்றரில் கிடைக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயில், வீட்டு ஓட்டத்துக்கு, குணகம் சுமார் 0.026.

நிமிடத்துக்கு 12 லீற்றர் வேண்டும், உள்விட்டம் 15 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 6 மீற்றர் குழாயில் இழப்பு ஏறத்தாழ 0.7 மீற்றர், 20 மீற்றரில் 2.3. தொட்டி 3 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஷவரின் நுண்துளைகளுக்கு எஞ்சுவது வெறும் 70 சென்ரிமீற்றர். அது போதாது; ஆகவே ஓட்டமே குறைந்துவிடுகிறது.

உராய்வு என்றதும் தண்ணீர் குழாயைத் தேய்த்துக்கொண்டு போவதாக நினைக்கிறோம். உண்மையில் சுவரை ஒட்டிய நீர் நகர்வதே இல்லை. அதன்மேல் அடுத்த படலம், அதற்கும் மேல் வேகமான இன்னொன்று, நடுவே சுழிகள். நீர் நீரோடுதான் உராய்கிறது. இழந்த 2.3 மீற்றரும் வெப்பமாகித் தண்ணீரைச் சுமார் 0.005 பாகை சூடாக்கும். கன்னியா வெந்நீரூற்றுகள் அஞ்சத் தேவையில்லை.

எனக்குப் பிடித்த இடம் விட்டம். அதே அளவு நீரைப் பாதி விட்டத்துக்குள் செலுத்துங்கள். குறுக்குவெட்டுப் பரப்பு கால்வாசியாகும். வேகம் நான்கு மடங்கு. அதன் வர்க்கம் பதினாறு. போதாததற்கு, ஒவ்வொரு லீற்றரும் தொடும் சுவர்ப் பரப்பும் இரட்டிக்கிறது. குணகம் அவ்வளவாக மாறாததால் இழப்பு ஏறத்தாழ 32 மடங்கு, அதாவது இரண்டின் ஐந்தாம் அடுக்கு! சமன்பாட்டில் விட்டம் ஒருமுறைதான் தலைகாட்டுகிறது. மீதி நான்கு அடுக்குகளையும் வேகத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குத் தண்ணீர் வரும் குழாய் ஏன் அவ்வளவு பருமன் என்பதும் இதனால்தான்.

வாசகருக்கு: தொட்டியை மேலும் உயர்த்தவும் வேண்டாம், மோட்டர் வாங்கவும் வேண்டாம். நீண்ட பகுதிக்கு 20 மில்லிமீற்றர் உள்விட்டக் குழாய் போடுங்கள், இழப்பு 2.3 இலிருந்து 0.6 மீற்றராகும். முழங்கை வளைவுகளும் கொஞ்சம் தின்னும், குறையுங்கள். செலவை வாஸ்துக்காரரிடமே கேட்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.